அந்த ட்யூப் சீக்கிரம் தீரட்டும்: மருந்துக்கடை கவுன்ட்டரில் நிற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருந்துக்கடை நண்பர்களே,

பங்குனி பிறந்துவிட்டது. சுகர் மாத்திரைக்கும் இருமல் டானிக்குக்கும் நடுவே இனித் தினமும் நாலைந்து பேர் உங்கள் கவுன்ட்டரில் வந்து நிற்பார்கள். "வெயிலுக்கு மூஞ்சில போடறதுக்கு ஏதாவது குடுங்கண்ணே" என்பார்கள். நீங்கள் பாதி திரும்பி, கைக்கு எட்டிய தட்டிலிருந்து ஒரு ட்யூபை எடுத்துக் கண்ணாடிமேல் வைப்பீர்கள். "இது நல்லா மூவ் ஆகுது" என்பீர்கள். அவர் விலையைப் பார்த்து லேசாக முகம் சுளிப்பார், பிறகு வாங்கிக்கொண்டு போய்விடுவார். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

டி.ஃபார்ம் மாணவர்களுக்கு மருந்தியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். மதுரையில் எந்தத் தெருவில் மருந்து வாங்கப் போனாலும் உள்ளேயிருந்து "வாங்க சார்" என்று ஒரு குரல் வரும். எந்த ட்யூப் கைக்கு எட்டும் தட்டில் இருக்கிறது என்பதை அந்த மாதத்து ஸ்கீம் முடிவு செய்கிறது என்பதும் எனக்குத் தெரியும். பத்துக்கு ஒன்று ஃப்ரீ என்றால் அதுதான் முன்வரிசை. கடை வாடகையும் கரன்ட் பில்லும் கட்டுகிறவரிடம் ஸ்கீமைப் பார்க்காதீர்கள் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. ட்யூபை மாற்றச் சொல்லவும் வரவில்லை. அதோடு சேர்த்து நீங்கள் சொல்லும் வார்த்தையைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் சன்ஸ்கிரீன் சீட்டில்லாமல் வாங்கக்கூடிய மருந்து என்ற கணக்கில் வருகிறது. நம் நாட்டில் அது அழகுசாதனப் பொருள், பவுடருக்கும் லிப்ஸ்டிக்குக்கும் பக்கத்து இருக்கை. டாக்டர் சீட்டு வேண்டாம், எப்படிப் போடுவது என்று யாரும் எழுதித் தருவதில்லை. விளம்பரத்துக்கும் வாங்குகிறவரின் முகத்துக்கும் நடுவில் வாய் திறந்து பேசக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். தோல் டாக்டரைப் பார்க்க பஸ் ஏறி டவுனுக்கு வரவேண்டிய ஊர்களில் நீங்கள்தான் தோல் டாக்டர் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

முதலில் அளவு. பெட்டியில் போட்டிருக்கிறதே எஸ்பிஎஃப் 50 என்று, அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஆட்களின் முதுகில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று அளந்து க்ரீமைப் பூசுவார்கள். அதன்மேல் செயற்கைச் சூரிய ஒளியைப் பாய்ச்சி, பூசாத தோல் சிவக்க எவ்வளவு ஒளி தேவைப்பட்டது, பூசிய தோல் சிவக்க எவ்வளவு தேவைப்பட்டது என்று வகுத்துப் பார்ப்பார்கள். அதில் வரும் எண்தான் எஸ்பிஎஃப். ஆக அந்த 50 என்பது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசினால் கிடைக்கும் 50. நடைமுறையில் மக்கள் பூசுவது இதில் பாதியோ கால்பங்கோதான் என்று பல நாடுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அளவு குறைந்தால் காப்பும் குறையும். பாதி அளவு பூசியவருக்குப் பாதிக் காப்பாவது கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

முகத்தின் பரப்பு ஏறத்தாழ 600 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு தடவைக்கு 1.2 கிராம் வேண்டும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் காதுக்கும் கழுத்தின் முன்பக்கத்துக்கும் கிட்டத்தட்டச் சரியாக வரும். இதைச் சொன்னால் வாடிக்கையாளர் நம்பமாட்டார். உங்கள் விரலை நீட்டிக் காட்டுங்கள். மல்டிவைட்டமின் அட்டையைக் கத்தரித்துக்கொண்டே காட்டலாம், நேரம் ஒன்றும் போகாது.

இப்போது கணக்குப் போடுங்கள். 50 கிராம் ட்யூப், தடவைக்கு 1.2 கிராம், தினம் ஒரு முறை. நாற்பது நாள் சொச்சத்தில் தீர்ந்துவிட வேண்டும். மதியம் ஒருமுறை மறுபடி போடுகிறவருக்கு இருபது நாள். போன தீபாவளிக்கு வாங்கியது இன்னும் வருகிறது என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அவர் இத்தனை நாளும் போட்டுக்கொண்டது சன்ஸ்கிரீன் வாசனையை மட்டும்தான். "போட்டும் கறுத்துட்டேன், இது டுபாக்கூர் கம்பெனி" என்று திட்டிக்கொண்டு வருகிறவரிடமும் முதலில் கேட்கவேண்டியது, பழைய ட்யூப் எத்தனை நாள் வந்தது என்பதுதான். என் வாழ்நாளில் உங்கள் லாபத்துக்கும் வாடிக்கையாளர் நலனுக்கும் ஒரே பதில் வருகிற கணக்கை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். இது அதில் ஒன்று. அந்த ட்யூப் சீக்கிரம் தீரட்டும்.

அடுத்து எண். 30ஐ எடுத்து வைத்தால் "50 இல்லையா?" என்பார், 50ஐ வைத்தால் பக்கத்துக் கடையில் 70 பார்த்தேன் என்பார். பாடத்தில் படித்ததுதான்: சொன்ன அளவு பூசினால், தோலைச் சிவக்கவைக்கும் கதிரில் எஸ்பிஎஃப் 15 ஏறத்தாழ 93 விழுக்காட்டைத் தடுக்கும், 30 என்றால் 97, 50 என்றால் 98. முப்பதிலிருந்து ஐம்பதுக்குப் போனால் ஒரு விழுக்காடுதான் கூடுகிறது. குறைவாகப் பூசுகிறவருக்கு 50 கொஞ்சம் கைகொடுக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்குமேல் காசு கொடுப்பது வீண். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் நம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பிரிவினர் தினமும் தவறாமல் போடவேண்டும், இன்னொரு பிரிவினர் தோன்றினால் போடலாம். தினமும் போட்டவர்களுக்குத் தோல் முதுமையடைவது 24 விழுக்காடு குறைந்திருந்தது என்று 2013இல் வெளியிட்டார்கள். அவர்கள் கையில் கொடுக்கப்பட்டிருந்தது எஸ்பிஎஃப் 15 வகைதான். பலன் தந்தது அந்தத் 'தினமும்' தான்.

அச்சடித்த எண்ணைக் கும்பிடவும் வேண்டாம். அதே ஆஸ்திரேலியாவில் சாய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 2025இல் 20 சன்ஸ்கிரீன்களைச் சோதனைக்கு அனுப்பியது. அதில் 16, பெட்டியில் போட்டிருந்த எண்ணை எட்டவில்லை. அங்கே சன்ஸ்கிரீனை மருத்துவப் பொருளாக வைத்துக் கண்காணிக்கிறார்கள், அங்கேயே இந்த நிலை.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. எஸ்பிஎஃப் என்ற எண் சிவப்பை அளக்கிறது. அந்தச் சோதனைக்கு வெளிர்தோல் உள்ளவர்களையே தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்களுக்குத்தான் தோல் பளிச்சென்று சிவக்கும். ஆல்ப்ஸ் மலைப்பனியில் ஏறி முகம் வெந்து திரும்பிய வெள்ளைக்காரர்களின் கவலையிலிருந்து பிறந்த எண் அது. நம் ஊரில் எத்தனை பேர் முகம் சிவந்து வந்து நிற்கிறார்கள்? கறுத்துப்போச்சு, திட்டுத்திட்டாயிருக்கு, மங்கு விழுந்திருச்சு என்றுதான் வருகிறார்கள். எஸ்பிஎஃப் முக்கியமாகக் கணக்கில் எடுப்பது யுவிபி கதிரை. தோலின் ஆழத்துக்கு இறங்கி நிறத்தையும் சுருக்கத்தையும் கிளறும் யுவிஏவுக்கு அந்த எண்ணில் இடம் ரொம்பக் குறைவு.

அதனால்தான் பெட்டியின் மூலையில் பிஏ என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறிகள் போட்டிருக்கிறார்கள். 1996இல் ஜப்பான்காரர்கள் கொண்டுவந்த முறை. மூன்று கூட்டல் குறி இருந்தால் நல்லது, நான்கு இருந்தால் மிக நல்லது. ஐரோப்பியச் சரக்கு என்றால் வட்டத்துக்குள் யுவிஏ என்று போட்டிருப்பார்கள். எஸ்பிஎஃப் எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது யுவிஏ காப்பு இருக்கிறது என்று பொருள். இரண்டும் இல்லாத ட்யூப் என்ன எண் போட்டிருந்தாலும், மங்குக்காக வந்தவருக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

யுவிஏ கண்ணாடியைத் தாண்டும். 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் அமெரிக்க லாரி ஓட்டுநரின் புகைப்படம் வந்தது. 28 ஆண்டு வண்டி ஓட்டியவர். ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் தொங்கி, பாளம்பாளமாக மடிந்திருக்கும். வலது கன்னம் பத்து வயது இளமையாயிருக்கும். நம் வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். கால் டாக்சித் தம்பிகள் மருந்து வாங்க வந்தால் வலக்கன்னத்தையும் வலக்கையையும் பாருங்கள். முன்கண்ணாடி இரண்டு அடுக்காகச் செய்வது, அது யுவிஏவைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். பக்கக் கண்ணாடிக்கு அந்தத் திறன் இல்லை. ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெயில் சுடாது, அவ்வளவுதான்.

மங்கு என்று வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் உங்கள் கவுன்ட்டருக்கு அதிகம் வருவது அதுதான். முப்பது நாற்பது வயதுப் பெண், இரண்டு கன்னத்து எலும்பின் மேலும் மூக்கின் மேலும் பழுப்புத் திட்டு. பிள்ளை பெற்ற பிறகு வந்தது என்பார், அல்லது கர்ப்பத்தடை மாத்திரை ஆரம்பித்த பிறகு. ஹார்மோன் விதைக்கும், வெயில் வளர்க்கும். இதில் நம் நிறத்தாருக்கு ஒரு கூடுதல் சிக்கல். புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மாநிறத் தோலைக் கறுக்கவைக்கும். வெளிர்தோலில் அப்படி நடப்பதில்லை. சாதாரண சன்ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரிகிற ஒளியை நிறுத்தாது. அதை நிறுத்துவது அயர்ன் ஆக்சைடு, அதாவது தோல் நிறத்தில் வருகிற டின்டட் வகை. மேக்கப் சமாச்சாரம் என்று நினைத்துப் பலர் அதை ஓரமாக வைத்திருக்கிறீர்கள். மங்கு உள்ளவர் கேட்டால் முதலில் எடுக்க வேண்டியது அதுதான். கேலமைன் லோஷனுக்கு இளஞ்சிவப்பு நிறம் வருவது எதனால் என்று வைவாவில் கேட்பேன், ஞாபகம் இருக்கிறதா? அதே அயர்ன் ஆக்சைடு. அதற்காகக் கேலமைனை சன்ஸ்கிரீன் என்று விற்கக் கிளம்பிவிடாதீர்கள். அதை யாரும் அந்த வேலைக்குச் சோதித்துத் தரவில்லை.

கான்சர் பயம் காட்டி விற்பதையும் விட்டுவிடுங்கள். கறுப்புத் தோலின் மெலனின் தானாகவே ஓரளவு காப்பு தருகிறது, வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மவர்களிடம் வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. நமக்கு சன்ஸ்கிரீன் தேவைப்படும் காரணங்கள் வேறு. மங்கு, பரு ஆறிய பிறகு நிற்கும் கறுப்புத் தழும்பு, வெயில் பட்டால் அரித்துத் தடிக்கும் ஒவ்வாமை, லூபஸ், வெண்புள்ளி. இதில் எதுவும் இல்லாமல், நாளெல்லாம் ஆபீஸுக்குள் இருந்துவிட்டு இருட்டிய பிறகு வீட்டுக்குப் போகிறவர் வந்தால், காலையில் ஒருமுறை போடுங்கள் போதும் என்று சொல்லி அனுப்புங்கள். அதேபோல "போட்டா கலர் ஆவேனா?" என்று கேட்டால் ஆகாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். இருக்கிற நிறம் திட்டுத்திட்டாகாமல் காக்கும், பிறந்த நிறத்தை மாற்றாது. 2020இல் பெரிய கம்பெனியே தன் க்ரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. நம் கவுன்ட்டரில் மட்டும் அது இன்னும் போகவில்லை.

எது நல்ல ட்யூப் என்று கேட்டால், அவர் நாளைக்கும் போடுகிற ட்யூப். மதுரைப் புழுக்கத்தில் கொழகொழவென்ற க்ரீமைப் பூசிக்கொண்டு ஹெல்மெட் மாட்டினால் பத்து நிமிஷத்தில் வழிந்து கண்ணில் எரியும், அந்த ட்யூப் அன்றோடு மூலைக்குப் போய்விடும். எண்ணெய்ப் பிசுக்கும் பருவும் உள்ளவருக்கு ஜெல் அல்லது தண்ணீர் போன்ற லோஷன், வறண்ட தோலுக்கும் வயதானவருக்கும் க்ரீம். சிங்க் ஆக்சைடு மட்டும் உள்ளது கண் எரியாது, சட்டென்று தடிக்கும் தோலுக்கு நல்லது. ஆனால் மாநிற முகத்தில் திருநீறு பூசியதுபோல் வெளுத்து நிற்கும், அதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கவேண்டும். ரெப் கொடுத்துவிட்டுப் போன சாம்பிள் சாஷே டிராயரில் கிடக்குமே, அதை வீட்டுக்கு எடுத்துப்போகாமல் இவர்களிடம் கொடுங்கள். தாடைக்குக் கீழே இரண்டு நாள் பூசிப் பார்த்துவிட்டு வாங்கட்டும்.

எப்போது போடவேண்டும் என்பதில் நம் ஊரே தப்புக்கணக்கு போடுகிறது. சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. கதிரின் வலிமை சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மதுரைக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்பது கத்திரியில் இல்லை. ஏப்ரல் நடுவில் ஒருமுறை, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இன்னொரு முறை. ஆகஸ்டில் சூடு தணிந்துவிட்டது என்று க்ரீமை நிறுத்துகிறார்கள், அப்போதுதான் சூரியன் மறுபடி தலைக்குமேல் வருகிறது. லேசான மேகம் இருந்தாலும் கதிர் பெருமளவு கீழே இறங்கும். கொடைக்கானலில் குளிர்கிறது என்று முகத்தைக் காட்டிக்கொண்டு படகில் சுற்றுகிறார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் கதிர் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடும், அந்த ஊர் இரண்டாயிரத்துக்கும் மேலே இருக்கிறது. செல்போன் வானிலைப் பக்கத்தில் யுவி இன்டெக்ஸ் 3ஐ எட்டினாலே காப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். போன் பார்க்கத் தெரியாத பாட்டிக்கு, "உங்க நிழல் உங்களவிடக் குட்டையா இருந்தா வெயிலு கடுமைன்னு அர்த்தம்மா" என்று சொல்லுங்கள், அது போதும்.

வெளியில் சுற்றுகிறவர் இரண்டு மணிக்கொரு முறை மறுபடி போடவேண்டும், வியர்வையைத் துடைத்துவிட்டால் அதற்கு முன்பே. இதைச் சொல்லும்போதே, யாருக்கு இது சாத்தியம் இல்லை என்பதையும் பாருங்கள். நானூறு ரூபாய் ட்யூப் நாற்பது நாள் வந்தால் நாளுக்குப் பத்து ரூபாய், மூன்று முறை போட்டால் முப்பது. கொத்தனார் வேலைக்குப் போகிற அம்மாவுக்கும், சிக்னலில் நிற்கிற ஊர்க்காவல் படைத் தம்பிக்கும், தள்ளுவண்டிக்காரருக்கும் அதை விற்காதீர்கள். அகலமான விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, தலையில் மடித்துப்போட்ட துண்டு, முடிந்தபோது நிழல். கறுப்புக் குடை புற ஊதாவில் பெரும்பகுதியை நிறுத்திவிடும். ஸ்கூட்டியில் போகும் பெண்கள் சுற்றிக்கொள்ளும் ஷாலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், துணிக்கு அந்தப்பக்கம் தெரிந்தால் கதிரும் அந்த வழியாக வரும். ஹெல்மெட்டின் கண்ணாடி பாலிகார்பனேட் என்றால் நல்ல காப்பு, ஆனால் இறக்கிவிட்டிருக்க வேண்டும். நம் ஆட்கள் போலீஸைக் கண்டால்தான் ஹெல்மெட்டையே மாட்டுகிறார்கள், கண்ணாடியை எங்கே இறக்கப்போகிறார்கள்.

இனி உங்களால் மட்டுமே செய்யமுடிகிற வேலைக்கு வருகிறேன். சன்ஸ்கிரீன் கேட்டு வருகிறவரைவிட, கேட்காமல் போகிறவருக்குத்தான் அது அதிகம் தேவை. பருவுக்கு டாக்ஸிசைக்ளின் எழுதிய சீட்டு வருகிறது. அந்த மாத்திரை தோலை வெயிலுக்குக் கூச்சப்படவைக்கும். வழக்கமாகச் சுடாத வெயிலும் சுட்டுவிடும். பெயரின் கடைசியில் ஹெச் என்று முடிகிற பிரஷர் மாத்திரைகளில் இருக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடுக்கும் இந்தக் குணம் உண்டு. இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன், படர்தாமரைக்குக் கொடுக்கும் கிரிசியோஃபல்வின், மூட்டுவலிக்குத் தேய்க்கும் கீட்டோபுரோஃபன் ஜெல், பருவுக்கான ஐசோட்ரெடினாயின், இரவில் பூசும் ட்ரெடினாயின், எல்லாம் இந்தக் கூட்டம்தான். அட்டையைக் கவரில் போடும்போது, "இத சாப்பிடற வரைக்கும் வெயில்ல ஜாக்கிரதையா இருங்க, மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க" என்று இரண்டு வாக்கியம். இது படித்தவர் சொல்லவேண்டியது. பில் போடும் மெஷின் இதைச் சொல்லாது.

வெயில் மேல் பழியைப் போட்டுக்கொண்டு வருகிற, வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாத கறுப்பும் உண்டு. பின்கழுத்தில் வெல்வெட் துணி மாதிரித் தடித்துக் கறுத்திருக்கும், தேய்த்துக் குளித்தும் போகவில்லை என்பார்கள். பெரும்பாலும் உடம்பு கொஞ்சம் கனத்த இளம்வயதுக்காரர்கள். அது இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். அவருக்கு சன்ஸ்கிரீனும் வேண்டாம், ஸ்க்ரப்பும் வேண்டாம், வெறும் வயிற்றில் ஒரு சுகர் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். நெற்றி ஓரமும் காதுப் பக்கமும் கறுத்தவரிடம் எந்த ஹேர் டை போடுகிறீர்கள் என்று கேளுங்கள். டையின் ஒவ்வாமையும் மலிவுக் குங்குமத்தின் ஒவ்வாமையும் அந்த நிறத்தில்தான் தெரியும்.

இப்போது கசப்பான விஷயம். "வெயில்ல கறுத்துட்டேன், சீக்கிரம் போகணும், அடுத்த வாரம் கல்யாணம்" என்று ஒரு பெண் வருகிறாள். ஹைட்ரோகுவினோனும் ட்ரெடினாயினும் மொமெட்டசோனும் சேர்ந்த க்ரீமை எடுத்துக் கொடுப்பது இந்த ஊரில் பல கடைகளில் வழக்கமாக இருக்கிறது. சில கடைகளில் படர்தாமரைக்கு விற்கிற ஸ்டீராய்டுக் கலவையே முகத்துக்கும் போகிறது. ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும், அதனால்தான் அவள் திரும்ப வருகிறாள், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். சில மாதத்தில் தோல் மெலிந்து, சிவந்து, ரத்தக் குழாய் தெரிந்து, மேலுதட்டில் முடி வளர்ந்து, பரு கொத்தாக வெடிக்கும். வெயிலில் நின்றால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும், அதனால் நிறுத்தவும் முடியாது. தோல் மருத்துவர்கள் சங்கம் வருஷக்கணக்காகக் கத்திய பிறகு, 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் மத்திய அரசு அறிவித்தது. சட்டம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது இதுதான்: அந்தக் கலவை க்ரீம், டாக்டர் எழுதிக் கொடுத்து, சில வாரக் கெடு வைத்துப் பூசவேண்டிய மருந்து. அதைப் பூசுகிற நாட்களில் சன்ஸ்கிரீன் இல்லாமல் வெளியே போகவே கூடாது. டாக்டர் சீட்டோடு அது வந்தால் சன்ஸ்கிரீனும் எழுதியிருக்கிறதா பாருங்கள். சீட்டில்லாமல் வந்தால் சன்ஸ்கிரீனை மட்டும் கொடுத்து அனுப்புங்கள், கல்யாணம் எந்த வாரமாக இருந்தாலும் சரி.

சின்னச் சின்னக் கேள்விகளும் வரும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் துணியும் போதும். தேங்காய் எண்ணெயையும் கற்றாழையையும் சன்ஸ்கிரீனாக நம்பவேண்டாம். இதைப் போட்டால் வைட்டமின் டி குறையுமா என்று யாராவது யூடியூப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். சாதாரணமாகப் போடுகிறவர்களுக்கு அப்படிக் குறைவதாகப் பெரும்பாலான ஆய்வுகளில் தெரியவில்லை. முகம் உடம்பில் சின்ன இடம்தான். கைகால் வெயிலைப் பார்க்கட்டும்.

கடைசியாக உங்கள் கடைக்குள் ஒரு பார்வை. தெருவைப் பார்த்த முன்பக்கக் கண்ணாடி ஷோகேஸில் சன்ஸ்கிரீன் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறீர்கள், விளம்பரத்துக்கு. கடை மேற்குப் பார்த்தது என்றால் மதியத்திலிருந்து சாயங்காலம்வரை வெயில் அதன்மேல்தான் விழுகிறது. 30 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று பெட்டியிலேயே பெரும்பாலும் போட்டிருக்கும். வெந்த ட்யூபைத் திறந்தால் முதலில் தண்ணீராக எண்ணெய் வடியும், பிறகு கட்டியாக வரும். க்ரீம் பிரிந்துவிட்டது, அது பூசினால் சீராகப் படியாது. ஷோகேஸில் காலிப் பெட்டியை வையுங்கள், சரக்கை உள்ளே வையுங்கள். வாங்குகிறவரிடமும் வண்டி டிக்கியில் போட்டு வைக்காதீர்கள் என்று சொல்லுங்கள்.

அடுத்த முறை ரெப் வந்து கலர் புக்லெட்டை விரிக்கும்போது, ஸ்கீம் என்ன என்று கேட்பதற்கு முன் வேறு இரண்டு கேள்வி கேளுங்கள். யுவிஏ காப்பு எவ்வளவு, அதை எந்த லேபில் சோதித்தார்கள், ரிப்போர்ட்டைக் காட்டமுடியுமா என்பது ஒன்று. நூறு கிராமில் பெரிய ட்யூப் எப்போது போடப்போகிறீர்கள், விலையை எவ்வளவு குறைப்பீர்கள் என்பது இன்னொன்று. ஒருவர் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஒரே வாரத்தில் பத்துக் கடையில் கேட்டால் மேனேஜருக்கு மெயில் போடுவார்.

அன்புடன்,
உங்கள் பழைய மருந்தியல் வாத்தியார்,
மதுரை